முப்பத்தொன்பது டிகிரி ஜுரம்!

ஒரு வியாழக்கிழமை. ராத்திரி பதினொன்றரை மணி. என் நாலு வயது மகள் உலை மாதிரி கொதித்துக் கொண்டிருந்தாள்.

சகதர்மிணி ஊரில் இல்லை. தங்கையின் வளைகாப்புக்காகக் கும்பகோணம் போயிருந்தாள். வீட்டில் இருந்தது மூன்றே பேர். அடியேன், என் அம்மா, ஜுரத்தோடு பாப்பா. நாலாவதாக, அலமாரி டிராயரில் கிடந்த டிஜிட்டல் தெர்மாமீட்டர்.

அக்குளில் வைத்தேன். பீப்... பீப் என்றது. எடுத்துப் பார்த்தேன்.

39.6.

"எவ்வளவுடா?" என்றாள் அம்மா.

"முப்பத்தொன்பது புள்ளி ஆறும்மா."

"முப்பத்தொன்பதா? மனுஷ உடம்பு தொண்ணூத்தெட்டு இருக்கணும்டா! முப்பத்தொன்பதுன்னா உசுரோடயே இருக்க முடியாது. மெஷின் கெட்டுப்போச்சு. பாட்டரி தீர்ந்திருக்கும். தூக்கிப் போடு அதை!"

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. இன்னும் உண்மையைச் சொன்னால், 'அப்பாடா, நூறைத் தாண்டலை' என்று மனசுக்குள் ஓர் அற்ப சந்தோஷம் வேறு. ஆனால் நெற்றியைத் தொட்ட கை சுட்டது. கை ஒன்று சொல்கிறது, மெஷின் இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது?

கும்பகோணத்துக்குப் போன் போட்டேன்.

"முப்பத்தொன்பதா? என்னங்க உளர்றீங்க? அது செல்சியஸா இருக்கும். ஃபாரன்ஹீட்ல எவ்வளவுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ்னு பெருமை மட்டும் அடிச்சுக்கறீங்களே!"

கணக்குதானே? போட்டால் போச்சு!

மூன்று விடைகள், மூன்றும் பிசகு

பள்ளிக்கூடத்தில் சூத்திரம் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். சி, எஃப், 5, 9, 32 என்று ஐந்து சாமான்கள் அதில் உண்டு. சாமான்கள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எதை எங்கே போட வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது. மாவு, சர்க்கரை, நெய் எல்லாம் இருந்தும் பக்குவம் தெரியாதவன் அல்வா கிளறின கதைதான்.

முதல் முயற்சி: 39.6-உடன் 32-ஐக் கூட்டி, ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தேன். விடை 128.9. ஐயோ! அது ஜுரம் இல்லை, தந்தூரி அடுப்பு.

இரண்டாவது: ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து, 32-ஐக் கூட்டினேன். 54. ஏசி ரூமில் வைத்த பூசணிக்காய்க்குக்கூட இதைவிடச் சூடு இருக்கும்.

மூன்றாவது: 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தேன். 4.2. ஃப்ரிட்ஜில் வைத்த தயிர்!

கூகுளில் தட்டியிருக்கலாமே என்பீர்கள். தாராளமாகத் தட்டியிருக்கலாம். ஒரு கையில் கொதிக்கும் குழந்தை, இன்னொரு கையில் இருக்கும் அதே செல்போனில் பெண்டாட்டி, எதிரே 'மெஷினைத் தூக்கிப் போடு' என்று அம்மா. அந்த நேரத்தில் எந்த யோசனையும் வராது சார். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் எங்கள் குடும்ப டாக்டரைப் போனில் பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர். தூக்கக் கலக்கத்திலும் கோபப்படவில்லை.

"டாக்டர், பாப்பாவுக்கு முப்பத்தொன்பது புள்ளி ஆறு காட்டுது..."

"ஓரத்துல என்ன எழுத்து இருக்கு, பாருங்க தம்பி. சி-யா, எஃப்-பா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எள்ளு சைஸில் 'சி'.

"அப்போ நூத்திமூணே கால். அக்குள்ல வச்சுப் பார்த்தீங்களா? உள்ளே இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நான் போன தடவை எழுதிக் கொடுத்த சிரப்பை அதே அளவு கொடுங்க. கம்பளி எல்லாம் போட்டுப் போர்த்தாதீங்க. தண்ணி நிறையக் குடிக்க வைங்க. காலையில முதல் ஆளா கூட்டிட்டு வாங்க. நடுவுல மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டா கண்ணைத் திறக்கலேன்னாலோ, எனக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

எல்லாவற்றுக்கும் 'சரி டாக்டர்' போட்டுவிட்டு, கடைசியில் கேட்டேன்: "மனசாலயே எப்படி டாக்டர் இவ்வளவு சீக்கிரமா கணக்குப் போட்டீங்க?"

"அதுவா? இரட்டிப்பாக்குங்க. பத்து பர்சென்ட் தள்ளுபடி பண்ணுங்க. முப்பத்திரண்டைச் சேருங்க. பி.காம். படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா?"

சுளீர் என்றது. தள்ளுபடிக் கணக்கு! என் சொந்த ஏரியாவில் வந்து என்னையே அடித்துவிட்டாரே மனுஷர்!

போட்டுப் பாருங்கள். 39.6-ஐ இரட்டிப்பாக்கினால் 79.2. அதில் பத்து பர்சென்ட், அதாவது 7.9 தள்ளுபடி. மீதி 71.3. கூட்டு 32. ஆக மொத்தம் 103.3. இது உத்தேசக் கணக்கு இல்லை, சூத்திரம் தரும் அதே விடை. ஒன்பதை ஐந்தால் வகுத்தால் 1.8. இரண்டில் பத்து பர்சென்ட் குறைத்தாலும் அதே 1.8தானே!

மினிமம் சார்ஜ் 32 ரூபாய்

அது சரி, இந்த 32 எங்கிருந்து வந்தது? 1.8 எதற்கு?

மீட்டர் போட்டு ஓடும் இரண்டு ஆட்டோக்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். (கற்பனைதானே, சிரமப்பட்டாவது செய்யுங்கள்!) ஒன்று செல்சியஸ் ஆட்டோ. இன்னொன்று ஃபாரன்ஹீட் ஆட்டோ. இரண்டும் பனிக்கட்டி உருகுகிற ஸ்டாண்டிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. போய்ச் சேர வேண்டிய இடம், தண்ணீர் கொதிக்கிற ஸ்டாப்பிங். நடுவில் 100 கிலோமீட்டர்.

செல்சியஸ் ஆட்டோ நேர்மையானது. ஏறும்போது மீட்டரில் பூஜ்யம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். இறங்கும்போது 100.

ஃபாரன்ஹீட் ஆட்டோவில் ஏறி உட்காரும்போதே மீட்டர் 32 காட்டும். மினிமம் சார்ஜ்! அப்புறம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. நூறு கிலோமீட்டருக்கு 180. மினிமம் சார்ஜையும் சேர்த்து, இறங்கும்போது 212.

அவ்வளவுதான் விஷயம். பாப்பாவின் ஜுரம் 39.6-வது கிலோமீட்டரில் நிற்கிறது. இடம் ஒன்று, மீட்டர் இரண்டு. நான் முதலில் 128.9 என்று போட்டேனே, அது என்ன தப்பு தெரியுமா? மினிமம் சார்ஜுக்கும் சேர்த்து ஒன்று எண்பது ரேட் போட்டுவிட்டேன். இரண்டாவது முயற்சியில் ரேட்டையே தலைகீழாக்கிவிட்டேன்.

இரண்டு மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் ஒன்று உண்டா? உண்டு. ஸ்டாண்டிலிருந்து ரிவர்ஸில் 40 கிலோமீட்டர் போக வேண்டும். செல்சியஸ் மீட்டர் மைனஸ் 40 காட்டும். ஃபாரன்ஹீட்டில் 32-லிருந்து 72 போனால் அதுவும் மைனஸ் 40. அந்தக் குளிரில் 'சி-யா, எஃப்-பா' என்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை. போட வாயும் திறக்காது.

அவரும் நம்ம கட்சிதான்

இந்த 32 வியாபாரத்தைத் தொடங்கி வைத்த டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட், பால்டிக் கடலோரத்து டான்சிக் நகரத்தில் 1686-ல் பிறந்தவர். (இன்று அது போலந்தில் உள்ள க்தான்ஸ்க்.) 1701-ல் விஷக் காளானைச் சாப்பிட்டு அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் போய்விட்டார்கள். பதினைந்து வயதுப் பையனை, வியாபாரமும் கணக்கு வழக்கும் கற்றுக்கொள்ள ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பி வைத்தார்கள் பாதுகாவலர்கள். ஆக, அவரும் நம்ம காமர்ஸ் கட்சிதான்!

பையனுக்குப் பேரேட்டில் மனசு ஒட்டவில்லை. கண்ணாடிக் குழாய், பாதரசம் என்று சுற்ற ஆரம்பித்தான். 'இவன் தேறமாட்டான்' என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏற்றிவிடப் பார்த்தார்கள். ஆள் சிக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றி, 1708-ல் கோபன்ஹேகன் போய் ஓலே ரோமர் என்ற வானியல் அறிஞரைப் பார்த்தார். ரோமர் ஏற்கெனவே ஒரு வெப்ப அளவுகோல் வைத்திருந்தார். அதில் பனிக்கட்டி உருகுவது ஏழரை டிகிரி.

ஏழரை! நம் ஊராக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்ததுமே பரிகாரம் செய்திருப்பார்கள். ஃபாரன்ஹீட்டுக்கு அந்த அரைதான் பிடிக்கவில்லை. நாலால் பெருக்கி, பிறகு இன்னும் கொஞ்சம் திருத்தி, 1724-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் பத்திரிகையில் தன் கணக்கை வெளியிட்டார். பனிக்கட்டியோடு நவச்சாரமோ உப்போ கலந்த குளிர்ந்த கரைசல் 0. உருகும் பனி 32. மனித உடம்பு 96.

ஏன் 32, 96? நடுவில் 64 இருக்கிறது பாருங்கள். பாதி, பாதிக்குப் பாதி, அதில் பாதி என்று ஆறே தடவை வெட்டினால் குழாயில் 64 கோடும் போட்டுவிடலாம். கைவேலைக்காரனுக்குச் சௌகரியமான எண்!

அப்புறம் வந்தவர்கள், பனிக்கும் கொதிநீருக்கும் நடுவில் கச்சிதமாக 180 டிகிரி இருக்கட்டும் என்று அளவைக் கெட்டிப்படுத்தினார்கள். அதில் உடம்புச் சூடு 96-லிருந்து 98-க்கு மேலே நகர்ந்துவிட்டது. பாதரசத்தை வைத்து நம்பகமான தெர்மாமீட்டர் செய்து காட்டினாரே, அந்தப் பெருமையை மட்டும் யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

தலைகீழ் செல்சியஸ்

செல்சியஸ் மட்டும் ஒழுங்கா? ஆண்டர்ஸ் செல்சியஸ், ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் வானியல் பேராசிரியர். 1742-ல் அவர் போட்ட அளவில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100! ஆமாம், அப்படியே தலைகீழ். அந்தக் கணக்கில் நம் உடம்பு 63. ஜுரம் ஏற ஏற எண் இறங்கும். 'அறுபதாயிடுச்சு, குறைஞ்சிருக்கு' என்று அம்மா சந்தோஷப்பட்டால், குழந்தை 40 டிகிரியில் கொதிக்கிறது என்று அர்த்தம்!

நல்லவேளை, செல்சியஸ் 1744-ல் மறைந்த சில வருடங்களுக்குள் உப்சாலாவிலேயே அளவுகோலைத் திருப்பி வைத்துவிட்டார்கள். பிரான்ஸில் ஒருவர் 1743-லேயே நேர்வழியில் செய்திருந்தார். நம் அப்பா காலத்துப் புத்தகங்களில் 'சென்டிகிரேடு' என்று இருக்கும். 1948-ல் சர்வதேச எடை, அளவு மாநாடு கூடி, அதற்கு 'டிகிரி செல்சியஸ்' என்று பெயர் சூட்டியது. சென்டிகிரேடும் செல்சியஸும் வேறு வேறு என்று யாராவது உங்களிடம் பந்தயம் கட்டினால் தைரியமாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு காபி உங்களுக்கு நிச்சயம்.

98.6-ன் குட்டு

'நார்மல் 98.6' என்று வேதவாக்கு மாதிரி சொல்கிறோமே, அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது தெரியுமா?

ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து டாக்டர் வுண்டர்லிக், சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 1868-ல் ஒரு புத்தகம் போட்டார். நார்மல் 37 டிகிரி செல்சியஸ் என்றார். 37 என்பது முழுசாக்கிய எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினார்கள். 74, தள்ளுபடி 7.4, மீதி 66.6, கூட்டு 32. விடை 98.6. பார்ப்பதற்கு ஏதோ நுணுக்கமாக அளந்து கண்டுபிடித்த எண் மாதிரி ஆகிவிட்டது!

'சுமார் ஆயிரம் டாலர் ஆகும்' என்று அமெரிக்காக்காரர் சொன்னதை, நம் குமாஸ்தா பைசா சுத்தமாக ரூபாயில் மாற்றி எழுதி, கீழே இரட்டைக்கோடு போட்ட கதைதான். சுமாராகச் சொன்னதைச் சுத்தமாக மாற்றினாலும் அது சுமார்தான்!

1992-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில் 148 ஆரோக்கியமான ஆட்களை அளந்து பார்த்தார்கள். சராசரி 98.2-தான் வந்தது. காலையில் கொஞ்சம் குறைவு, சாயங்காலம் கொஞ்சம் கூட. ஆளுக்கு ஆளும் மாறும். ஆகவே 98.8 என்று பார்த்ததும் ஆபீஸுக்கு லீவு லெட்டர் எழுத உட்காராதீர்கள். பொதுவாக டாக்டர்கள் ஜுரம் என்று கணக்கில் எடுப்பது 38 செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டிலிருந்துதான்.

ஒரே வீட்டில் இரண்டு ராஜாங்கம்

1957-ல் அணா போய் நயா பைசா வந்தது. படி போய் லிட்டர் வந்தது. மைல் போய் கிலோமீட்டர் வந்தது. எல்லாம் மாறியும், நம் வீட்டு ஜுரம் மட்டும் ஃபாரன்ஹீட்டை விட்டு அசையவில்லை. 'நூத்திரண்டு ஜுரம்' என்று சொன்னால்தான் நமக்கு ஜுரமாகவே படுகிறது.

ஏசி ரிமோட் செல்சியஸ். டி.வி.யில் வானிலை செல்சியஸ். ஆனால் அக்னி நட்சத்திரம் வந்தால் தமிழ்ப் பேப்பர்களில் 'வெயில் சதம்!' அந்தச் சதம் ஃபாரன்ஹீட். செல்சியஸில் சதம் அடித்தால் ஊரே இட்லிப் பானையாகிவிடும்! செல்சியஸில் பார்த்தால் இந்தச் சதம் 37.8-தான். 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் அடித்தது. பில் போடுங்கள். 90, தள்ளுபடி 9, மீதி 81, கூட்டு 32. 113 ஃபாரன்ஹீட்! மனசுக்குள்ளேயே போட்டுவிட்டீர்களா? சபாஷ்!

2020-ல் கொரோனா காலத்தில் நான் வேலை விஷயமாகப் போன ஓர் ஆபீஸ் வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்கள். ரெஜிஸ்டரில் எனக்கு முன்னால் வந்தவருக்கு 97.3 என்று எழுதியிருந்தது. எனக்கு 36.2. இரண்டு துப்பாக்கி, ஒரே ரெஜிஸ்டர்!

"என்னண்ணே, எனக்கு மட்டும் இவ்வளவு கம்மியா இருக்கு?" என்றேன் செக்யூரிட்டியிடம்.

"நீங்க ஏசி கார்ல வந்திருப்பீங்க சார்!"

நான் வந்தது மொட்டை வெயிலில் டூ வீலரில்.

சகதர்மிணியின் கேக் கதையையும் சொல்லிவிடுகிறேன். (இந்த இதழை அவள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும்.) அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய குறிப்பில் '350 டிகிரியில் 40 நிமிடம்' என்று இருந்தது. எங்கள் அவன் குமிழில் மொத்தமே 250-தான். 'இதுல அவ்வளவு வராது போலிருக்கே' என்று கடைசிவரைக்கும் திருகி வைத்துவிட்டு, போதாதென்று கால் மணி நேரம் கூடவே வைத்தாள். குறிப்பில் இருந்தது ஃபாரன்ஹீட். எங்கள் அவனோ செல்சியஸ். வேண்டியது சுமார் 180. கேக் எதிர்பார்த்தோம். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி கிடைத்தது.

எதிர்த்திசை டிக்கெட்

ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு வர வேண்டுமா? பில்லைக் கீழிருந்து மேலே பிரியுங்கள். முதலில் 32-ஐக் கழியுங்கள். பாதியாக்குங்கள். அப்புறம்? பத்து பர்சென்ட் தள்ளினோமே, அதைத் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் காமர்ஸ்காரன் உஷாராக இருக்க வேண்டும். நூறு ரூபாயில் பத்து பர்சென்ட் தள்ளினால் 90. அந்த 90-ல் பத்து பர்சென்ட் சேர்த்தால் 99-தான். ஒரு ரூபாய் உதைக்கும். அதனால் பத்தில் ஒரு பங்கு, அப்புறம் நூறில் ஒரு பங்கு என்று இரண்டு தவணையாகச் சேர்த்துவிடுங்கள்.

104-ஐ எடுங்கள். 32 போனால் 72. பாதி 36. பத்தில் ஒரு பங்கு 3.6. நூறில் ஒரு பங்கு 0.36. கூட்டினால் 39.96. அதாவது 40.

குறைஞ்சது ஒண்ணா, ரெண்டா?

மறுபடி அந்த ராத்திரிக்கு வருவோம். சிரப் கொடுத்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து மறுபடி தெர்மாமீட்டர் வைத்தேன். 38.5.

"ஒண்ணுதானே குறைஞ்சிருக்கு!" என்று அம்மா கலங்கிவிட்டாள். அவள் மனசில் ஓடுவது ஃபாரன்ஹீட். நூத்திமூணிலிருந்து நூத்திரண்டு என்று நினைத்துவிட்டாள்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. வித்தியாசத்தை மாற்றும்போது 32-ஐச் சேர்க்கவே கூடாது! ஆட்டோவில் ஏற்கெனவே உட்கார்ந்துதானே இருக்கிறோம்? மினிமம் சார்ஜ் ஒரு தடவைதான். அப்புறம் போகிற தூரத்துக்கு வெறும் ஒன்று எண்பது. குறைந்தது 1.1 செல்சியஸ். இரட்டிப்பு 2.2, தள்ளுபடி 0.22. ஏறக்குறைய 2 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கியிருக்கிறது. 103.3-லிருந்து 101.3.

"ரெண்டு டிகிரி குறைஞ்சிருக்கும்மா" என்று சொன்ன பிறகுதான் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பெரிய விஷயங்களிலும் இதே குழிதான். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில், பூமியின் சராசரிச் சூடு, தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பிருந்ததைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம் என்றார்கள் உலகத் தலைவர்கள். இது வித்தியாசம். ஃபாரன்ஹீட்டில் 2.7. பழக்க தோஷத்தில் 32-ஐயும் சேர்த்துவிட்டால் 34.7 டிகிரி ஏறும் என்று வரும். உலகம் அழிந்தே போகும்! செல்போனும் இங்கே காப்பாற்றாது. நீங்கள் தட்டுகிற 1.5, அளவா வித்தியாசமா என்று அதற்கு எப்படித் தெரியும்? அது உங்கள் தலைக்குத்தான் தெரிய வேண்டும்.

ஆபீஸ் ஏசி சண்டைக்கும் இது உதவும். 24 செல்சியஸ் என்பது 75 ஃபாரன்ஹீட். ஸ்டார் முத்திரை உள்ள ஏசிகள் சுவிட்ச் போட்டதும் 24-ல் தொடங்க வேண்டும் என்று 2020-லிருந்து நம் நாட்டில் விதியே இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 பர்சென்ட் மின்சாரம் மிச்சம் என்கிறது அரசாங்கம். 'ஒரே ஒரு டிகிரிதானே சார், குறைங்க' என்று அடுத்த சீட்காரர் கெஞ்சினால், அது ஃபாரன்ஹீட்டில் கிட்டத்தட்ட இரண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் உங்களோடு காபிக்கு வராவிட்டால் நான் பொறுப்பில்லை.

பல்பில் ஒளிந்திருக்கும் மூன்றாவது ஆள்

வீட்டில் இருக்கும் எல்.இ.டி. பல்பு அட்டைப்பெட்டியைப் பாருங்கள். '6500 கே' என்று போட்டிருக்கும். 'கே' என்றால் கெல்வின். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்ஸன் 1848-ல் போட்ட அடித்தளம். பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனார்.

செல்சியஸ் ஆட்டோவும் கெல்வின் ஆட்டோவும் ஒரே ரேட்தான். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஆனால் கெல்வின், பனிக்கட்டி ஸ்டாண்டுக்கு 273.15 கிலோமீட்டர் முன்னாலேயே, ரோடு முடிகிற இடத்தில் மீட்டரைத் தட்டிவிட்டு வருகிறார். அதற்குப் பின்னால் ரோடே கிடையாது. அதைவிடக் குளிர் என்று ஒன்று இல்லை. அதனால் கெல்வினுக்கு மாற்றுவது ரொம்பச் சுலபம். செல்சியஸோடு 273.15-ஐச் சேர்த்தால் முடிந்தது. தள்ளுபடியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை.

பல்பு 6500 கெல்வினில் கொதிக்கிறது என்று பயப்படாதீர்கள். அவ்வளவு சூடான பொருள் ஒன்று எந்த நிறத்தில் ஒளி வீசுமோ, அந்த வெள்ளை நிறம் என்று அர்த்தம். 2700 என்று போட்டிருந்தால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். அடுத்த தடவை பல்பு வாங்கும்போது கடைக்காரரிடம் இதைச் சொல்லி அசத்துங்கள்.

ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ள

குழந்தை உள்ள வீடுகளில் இதைக் கத்தரித்து ஒட்டி வைக்கலாம். இடது பக்கம் செல்சியஸ், வலது பக்கம் ஃபாரன்ஹீட்.

37 – 98.6
37.5 – 99.5
38 – 100.4
38.5 – 101.3
39 – 102.2
39.5 – 103.1
40 – 104
40.5 – 104.9
41 – 105.8

ஒட்ட இடமில்லையா? 38 என்றால் நூறு, 39 என்றால் நூத்திரண்டு, 40 என்றால் நூத்திநாலு. இது ஒன்றை மட்டுமாவது மனசில் ஒட்டிக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் போன் போட்டால், எண்ணோடு எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சி-யா, எஃப்-பா என்று சொல்லாத எண், கையெழுத்துப் போடாத செக் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும். பாஸ் ஆகாது.

காலையில் முதல் ஆளாகப் போய் நின்றோம். டாக்டர் தொண்டையைப் பார்த்து, காதைப் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்றாவது நாள் பாப்பா சோபாவிலிருந்து குதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குப் பாக்கி இருந்தது. அதே தெர்மாமீட்டர் போன வருடம் ஃபாரன்ஹீட்தானே காட்டியது? அது எப்படி சி-க்கு மாறியது?

ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்தது. பாப்பா தன் பொம்மையைப் பாயில் படுக்க வைத்து, அதன் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகி, பட்டனை விரலால் அழுத்தோ அழுத்து என்று அழுத்திக் கொண்டிருந்தாள். சில மாடல்களில் பட்டனைக் கொஞ்ச நேரம் விடாமல் அழுத்தினால் சி-யும் எஃப்-பும் மாறிக்கொள்ளுமாம்.

"பொம்மைக்கு எவ்வளவு பாப்பா?" என்றேன்.

ஜன்னல் பக்கம் போய், தெர்மாமீட்டரை உயரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நூறு ரூபாய்!"